ஊதாங்குழலில் ஒரு மீன்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கடம்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில், பல வருடங்களாக அடுப்பு ஊதிய இரும்புக் குழாய் உண்மையில் துப்பாக்கிக் குழல் என்று தெரியவந்தது.
2. அதைச் செய்தவர் யார், எந்தக் காலத்தவர் என்று எழுதி வாங்கிவரச் சொல்லி, போலீஸ் ஸ்டேஷனில் பத்து நாள் கெடு கொடுத்தார்கள்.
3. குழல், காக்களூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு வந்தது.
4. அதன்மேல் ஒரு மீன் முத்திரையும் 417 என்ற எண்ணும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். பெருமைப்பட்டேன்.
5. பெங்களூரில் இருக்கும் ஒரு நிபுணர், அது டச்சுக்காரர்கள் காலத்தில் பழவேற்காட்டில் வாழ்ந்த, இதுவரை யாரும் கேள்விப்பட்டிராத ஒரு துப்பாக்கிக் கொல்லரின் முத்திரை என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினார்.
6. அந்தக் கொல்லர் அந்த நேரத்தில் எங்கள் தொழிற்சாலையில், லாரி வந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாவதாக இருப்பவரைப் பற்றித்தான் இது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. வேண்டிய இடத்திலெல்லாம் தன்னை அவரே பதித்துக்கொண்டுவிட்டார். நான் வேறு எதற்கு?

எங்கள் தொழிற்சாலையில் ஃபிளாஞ்ச் செய்தோம். இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று பூட்டும் வட்டமான தடித்த இரும்புத் தகடு அது. அதற்கான இரும்பு லாரியில் வரும். வந்த இரும்பு சொன்ன இரும்புதானா என்று பார்த்து, சரி என்றால் கம்பெனியின் பஞ்ச்சை, அதாவது முனையில் முத்திரை செதுக்கிய இரும்பு முளையை, வைத்துச் சுத்தியால் ஒரு அடி அடிப்பது அவர் வேலை. அடி விழுந்தால் இரும்பு உள்ளே போகும். விழாவிட்டால் லாரி திரும்பிப் போகும். ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சாக்கட்டி. லாரி டிரைவர்கள் அவரிடம் வணக்கம் சொன்னால், முதலில் இரும்பைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொல்வார். வணக்கமும் தகுதி பார்த்துத்தான்.

உலோகவியல் படித்துவிட்டு அங்கே லேபில் சேர்ந்தவள் நான். மைக்ரோஸ்கோப், அமிலக் குப்பிகள், ஏசி. லேபில் ஏசி மைக்ரோஸ்கோப்புக்காகப் போட்டது, எனக்காக அல்ல என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். லேபுக்கும் அவர் இடத்துக்கும் நடுவில் நூறடி இருக்கும். அந்த நூறடியை முதல் மூன்று வாரத்தில் நான் ஒருமுறைகூடக் கடக்கவில்லை. சுத்தியால் அடிக்கும் மனிதரிடம் எனக்கு என்ன கேள்வி இருக்க முடியும் என்று நினைத்தேன். இந்த நினைப்பின் விலை பின்னால் தெரிந்தது.

அவர் பழவேற்காட்டுக்காரர். ஏரியில் வலை போடும் குடும்பம். அங்கே வலையின் மிதவைகளில் வீட்டுக்கு வீடு தனிக் குறி வெட்டியிருப்பார்களாம். “குறி இல்லாத மிதவைய ஒண்ணு தண்ணி எடுத்துக்கும், இல்லனா தாயாதி எடுத்துக்குவான்” என்பார். அந்த ஏரியை விட்டு வந்து, கும்மிடிப்பூண்டியில் பல வருடம் வேலை பார்த்து, காக்களூருக்கு மாறி, வேப்பம்பட்டில் வீடும் கட்டிய பிறகும் தாயாதிகள் எல்லா ஊரிலும் இருப்பதாகவே அவர் நம்பினார்.

அதனால் சொந்தமாக ஒரு பஞ்ச் செய்துவைத்திருந்தார். உடைந்த டிரில் பிட்டைத் தேய்த்து, முனையில் ஒரு சின்ன மீனைச் செதுக்கி, நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் முக்கியது. கம்பெனி இரும்புக்குக் கம்பெனி பஞ்ச், சொந்த இரும்புக்கு மீன். இரண்டையும் அவர் கலந்ததே இல்லை. மீனுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் குத்துவார். வாழ்க்கையில் அவர் குறி போட்ட எத்தனையாவது பொருள் அது என்ற கணக்கு. அதற்கு ஒரு நோட்டும் உண்டு. பட்டியல் போடுவதில் எனக்கு நிகரில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு அடங்கிவிட்டேன். 1, கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடம். 38, டிபன் பாக்ஸ். 112 முதல் 122 வரை, ஒரே ஸ்கூட்டரின் பதினோரு பாகங்கள். 416, மாமியாரின் கைத்தடிப் பூண். மாமியாருக்கு எண் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது.

காஸ் சிலிண்டருக்கும் ஒருமுறை மீன் குத்தினார். தீர்ந்ததும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போய் வேறொன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஏஜென்சிக்குப் போய் என் சிலிண்டர் எங்கே என்று கேட்டிருக்கிறார். எல்லாம் ஒண்ணுதான் சார் என்றிருக்கிறார்கள். “ஒண்ணுன்னா என்னுதயே குடுத்துட்டுப் போ” என்று சொல்லி, மூன்று சனிக்கிழமை அலைந்தார். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே இன்றும் ‘வெளியே உள்ளது’ என்று இருக்கிறது.

சிரிக்கலாம். ஆனால் அதே மனிதர்தான், ஒரு மாலை லாரி நிறைய வந்த இரும்புக் கம்பியில் இருந்த எண் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்று முத்திரை போட மறுத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் சரக்கு போகவேண்டும். மேனேஜர் வந்தார், கெஞ்சினார், பிறகு கத்தினார். இவர் பஞ்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினார். “அடிச்சிக்கோங்க சார். உங்க கைதானே.” மேனேஜர் அடிக்கவில்லை. லாரி திரும்பிப் போனது.

முத்திரையை ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை என்பது அவர் கொள்கை. ஒரு தடவை தவறிப்போய், விரிசல் விட்ட ஃபிளாஞ்ச் ஒன்றில் கம்பெனி முத்திரை விழுந்துவிட்டது. மற்றவர்களாக இருந்தால் குறுக்கே ஒரு கோடு அடித்துத் தள்ளிவிடுவார்கள். அவர் அந்த ஃபிளாஞ்ச்சைப் பழைய இரும்பு விலைக்குத் தானே வாங்கி, ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வேப்பம்பட்டில் அவர் வீட்டு வாசல் கதவை இன்றும் அதுதான் காற்றில் சாத்தாமல் பிடித்துக்கொண்டிருக்கும். தவறை ஒப்புக்கொள்வதைவிட இருபது கிலோ தூக்குவது சிலருக்குச் சுலபம்.

இந்த மனிதரின் கையில்தான் அந்தக் குழல் போய்ச் சேர்ந்தது.

கொண்டுவந்தது எங்கள் கேன்டீனை நடத்திய அக்கா. கடம்பத்தூர்ப் பக்கம் நெல் போடும் குடும்பம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து விழுந்த ஊதாங்குழலை, வெளியூரிலிருந்து வந்த கொழுந்தனார் மகன் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தான். உள்ளே வரிவரியாய்ப் பள்ளம், முறுக்கிக்கொண்டு ஓடியது. இது ரைஃபிள் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னான். படித்த பிள்ளை. இரண்டு நாளில் விஷயம் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

அங்கிருந்த எஸ்.ஐ. மோசமானவர் இல்லை. வேலை குறைவாக இருக்க வேண்டும் என்று விரும்பியவர். அவர் சொன்னதை அக்கா எனக்கு அப்படியே சொன்னார். “பழைய காலத்துதுன்னு காட்டு, பழம்பொருள்னு எழுதி முடிச்சிடறேன். யார் செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு தெரிஞ்சவங்க கைல ஒரு பேப்பர் வாங்கினு வா. பத்து நாள். பேப்பர் இல்லன்னா நாட்டுத் துப்பாக்கிக் கேஸு, உன் ஊட்டுக்காரன் பேர்ல.”

“அந்த மனுசனுக்கு உண்டிகோல்கூட அடிக்கத் தெரியாது பாப்பா” என்றார் அக்கா. “அதுல அடுப்பு ஊதினது நானு. புடிச்சினு போறதுன்னா என்னத்தான் புடிக்கணும்.”

மறுநாள் காலையில் பழைய புடவையில் சுற்றிக் குழலைக் கொண்டுவந்தார். இரும்புச் சாமான் எதுவானாலும் முதலில் லாரி இடத்துக்குப் போய்த்தான் உள்ளே வரவேண்டும் என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள். நாஷ்டாவுக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா குழலை அங்கேயே வைத்துவிட்டுக் கேன்டீனுக்கு ஓடினார். மத்தியானம் எடுத்துவந்து என் மேஜையில் வைத்தார். இடையில் நான்கு மணி நேரம்.

என் பங்குக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பார்க்கும் முன்பே குழலைத் துரு எடுக்கும் அமிலத்தில் போட்டேன். சுத்தம் செய்துவிட்டுத்தான் எதையும் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தேன். வெளியே வந்தபோது குழல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். நேற்றைய கீறலும் நூற்றாண்டுக் கீறலும் ஒரே வயதாகத் தெரிந்தன. எட்டுப் பட்டை வைத்த குழல், இரண்டு முழம் நீளம், வாய் வைத்து ஊதிய முனை மட்டும் வழவழப்பு. அடிப்பக்கத்தில், மேல் பட்டையில், அழகான ஒரு மீன். பக்கத்தில் 417.

அழகாகத்தான் இருந்தது. அதை மறுக்க மாட்டேன்.

பழைய துப்பாக்கிகளைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் நடத்துபவர் பெங்களூரில் இருந்தார். ஓய்வுபெற்றவர். படங்களை அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் வந்தது. சுருக்கம் இது: மீன், கடலோரத்தைக் குறிக்கிறது. குழல் கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் அந்நியர் கோட்டை இருந்த ஊர் பழவேற்காடு. ஆகவே டச்சுக்காரர்களுக்கு வேலை செய்த உள்ளூர்க் கொல்லர். எண் 417 என்பதால் பட்டறை பெரியது, குறைந்தது நானூற்றுப் பதினேழு துப்பாக்கி செய்திருக்கிறார்கள். மற்ற நானூற்றுப் பதினாறையும் தேட வேண்டும். மீனின் கோடுகள் பதிந்த ஆழத்திலிருந்து, அடித்தவர் வலது கைக்காரர், உறுதியான மனம் உடையவர் என்றும் எழுதியிருந்தார்.

வலது கைக்காரர், உறுதியான மனம், பழவேற்காடு. மூன்றும் சரி. இவ்வளவு சரியாகச் சொன்ன ஒருவர் இவ்வளவு தவறாக இருக்க முடியும் என்பதை அதன்பிறகு நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் ஒருநாள், லாரி இடத்திலிருந்து நம்மவர் லேப் கதவருகே வந்து நின்று, “இன்னா மேடம், கொழாய் இன்னா ஆச்சு?” என்று கேட்டார். “ஆராய்ச்சி போய்க்கிட்டிருக்கு சார்” என்றேன். “ஆராய்ச்சியா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏழாம் நாள் கேன்டீனில் அக்காவிடம் நான்கு பக்கத்தையும் தமிழில் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார். டச்சுக்காரன் என்றால் வெள்ளைக்காரனா என்று மட்டும் கேட்டார். போனில் படத்தைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தவர், உள்ளே போய் ஒரு டிபன் பாக்ஸ் மூடியோடு வந்தார்.

“இந்த மீனா?”

மூடியில் அதே மீன். பக்கத்தில் 38.

“லாரி எடத்து சாரோடது. தெனம் நாந்தானே கழுவறேன்.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப சாரு டச்சுக்காரரா பாப்பா?”

நிபுணருக்கு மூன்று நாள், நான்கு பக்கம். அக்காவுக்கு ஒரு பார்வை.

சிரித்து முடித்த பிறகுதான் எங்கள் நிலைமை உறைத்தது. கையில் ஒரு பேப்பர் இருந்தது, பொய்ப் பேப்பர். கொடுத்தால் எஸ்.ஐ. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிப்பார். கொடுக்காவிட்டால், போன வாரம் காக்களூர் தொழிற்பேட்டையில் புது நம்பர் குத்தப்பட்ட ஒரு துப்பாக்கிக் குழல் அக்கா வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அக்கா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. “பேப்பர் வந்துருச்சில்ல. டச்சுக்காரன்னே இருந்துட்டுப் போட்டும்.” எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அது அவர் மீன். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றேன். அக்கா வேண்டாம் என்றார். நான் வேலைக்குச் சேரும் முன்பிருந்தே அவரைத் தெரிந்தவர் அக்கா.

மறுநாள் மூவரும் லாரி இடத்தில். அவர் நான்கு பக்கத்தையும் வரிக்கு வரி சாக்கட்டியை நகர்த்தியபடி படித்தார். ஏன் குத்தினீர்கள் என்று கேட்டேன். கேள்வியே புரியாதவர் போலப் பார்த்தார்.

“மார்க் இல்லாத இரும்ப உள்ள உடக்கூடாது. கம்பெனி சரக்கு இல்லாததால கம்பெனி பஞ்ச்சும் போடக்கூடாது. அதான் என்னுதப் போட்டேன்.”

“அந்த இடத்தில ஏற்கெனவே ஏதாவது இருந்ததா சார்?”

சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இருந்துச்சி. தேஞ்சி பூட்ட எழுத்து மாரி. படிக்க முடில. படிக்க முடியாத மார்க் மார்க்கே இல்ல மேடம், அதுமேல புதுசா போடணும். அது ரூல்.”

அது உண்மையிலேயே விதிதான். எழுத்து தேய்ந்த கம்பி வந்தால் அப்படித்தான் செய்வோம், அந்த விதித்தாளில் என் கையெழுத்தும் இருந்தது. செய்தவர் யார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சியின் மேல், விதிப்படி, நேராக, ஒரே அடியில் மீன் விழுந்திருக்கிறது. பிறகு நான் அந்த இடத்தை மெருகேற்றி, அமிலம் தொட்டு, மைக்ரோஸ்கோப்பில் மணிக்கணக்காகப் பார்த்தேன். மீன் வாலுக்கு அடியில் ஒரு நிமிர்ந்த கோடும் ஒரு வளைவும் தெரிந்தன. எழுத்தா, கிரீடமா, வெறும் கீறலா, சொல்ல முடியவில்லை.

அவரை அந்த நேரத்தில் உறுத்தியது அது இல்லை. மீனை அந்தக் கொல்லருக்கு எழுதிவைத்த நான்காவது பக்கம்தான் உறுத்தியது.

“நான் குத்தினதுக்கு இவன் யாரு, டச்சுக்காரன்?”

“அப்படி ஒரு ஆளே இல்லை சார். அவராக நினைச்சுக்கிட்டார்.”

“இல்லாத ஆளுக்குப் போய் என் மீனக் குடுக்கறதா?”

அக்காவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். “சார், என் ஊட்டுக்காரர உள்ள தள்ளிடுவாங்கோ. நாலு நாளு வாய மூடிக்கினு இருந்தா உங்க மீனு செத்தா பூடும்?”

“உன் ஊட்டுக்காரருக்கு இன்னா வேணும்னாலும் எழுதித் தரேன்மா. என்னுத என்னுது இல்லன்னு மட்டும் எழுத மாட்டேன்.”

“அத உங்க ஊட்ல எழுதி ஒட்டிக்கங்க. இது என் புருசன் சார்.”

அவர் தாள்களை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, வந்து நின்ற லாரியைப் பார்க்கப் போய்விட்டார். அவர் நேர்மையானவர் என்று பின்னால் தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள். அருகில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், அன்று நான் பார்த்தது நேர்மை மாதிரி இல்லை. சிலிண்டர் ஏஜென்சி வாசலில் நின்ற மனிதரைத்தான் பார்த்தேன்.

பேப்பரைக் கொடுக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. தானும் ஸ்டேஷனுக்கு வருவதாக மட்டும் சொன்னார். அவர் வந்தால் டச்சுக்காரர் வர முடியாது. அதனால் நிபுணரின் நான்கு பக்கத்தை மூடிவைத்துவிட்டு, அக்காவிடம் சம்மதம் கேட்டு, குழலின் அடியில் ஒரு மெல்லிய வில்லையை அறுத்து எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. மைக்ரோஸ்கோப்பில் இரும்பு முழுக்க, வைக்கோல் கட்டை அறுத்துப் பார்த்த மாதிரி நீளநீளமாகக் கசடுக் கோடுகள். உலையில் பிசைந்து, சம்மட்டியால் அடித்து அடித்துச் செய்த பழைய இரும்பு. இப்போது எந்த ஆலையிலும் இதைச் செய்வதில்லை. அறிக்கை எழுதினேன். கம்பெனி பெயர் போட்ட தாளை மேனேஜர் தர மறுத்துவிட்டார். துப்பாக்கி, போலீஸ், கம்பெனி மூன்றும் ஒரே தாளில் வரக்கூடாது என்றார். வெள்ளைத் தாளில் என் பட்டத்தையும் போன் நம்பரையும் எழுதினேன். அக்கா அதை வாங்கிப் பார்த்து, “சீலு இல்லையா பாப்பா?” என்றார்.

பத்தாம் நாள் ஸ்டேஷனில் அக்கா, அவர் வீட்டுக்காரர், நான், மீன் குத்திய இவர். எஸ்.ஐ. குழலைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

“யார் செஞ்சது?”

“தெரியலை சார்” என்றேன்.

“அப்ப இந்த மீனு?”

“அது நான் சார்” என்றார் இவர்.

“நீங்கதான் செஞ்சீங்களா?”

“மீனு மட்டும் சார்.”

எஸ்.ஐ. எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வேலை கூடிக்கொண்டே போகிறது என்று அவர் முகத்தில் தெரிந்தது. நான் படங்களை வைத்து, கசடுக் கோடுகளைக் காட்டி, இந்த இரும்பு நம் தாத்தாக்கள் காலத்திலேயே வழக்கொழிந்தது என்றேன்.

“சரிம்மா. கொழாய் பழசு. நம்பர் புதுசு.” இவர் பக்கம் திரும்பினார். “பழைய நம்பர் மேல புது நம்பர் குத்தறவன் எங்க லைன்ல யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?”

“தெரியாது சார்.”

“வண்டி திருடறவன்.”

மரியாதை ‘நீங்க’விலிருந்து ‘உனக்கு’க்கு இறங்கியது ஒரே வாக்கியத்தில். இவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. வாழ்க்கை முழுக்கத் திருட்டுக்கு எதிராகக் குத்தியவர். பெஞ்சில் இருந்த அக்கா வீட்டுக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நின்றுகொண்டார்.

இவர் பையைத் திறந்து சுத்தியையும் மீன் பஞ்ச்சையும் ஒரு அலுமினியத் துண்டையும் எடுத்தார். துண்டை வாசற்படிக் கல்லில் வைத்து ஒரு அடி அடித்தார். உள்ளேயிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடிவந்தார்கள். துண்டைக் குழலுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரே மீன். பிறகு நோட்டைத் திறந்து 417-க்கு எதிரே எழுதியிருந்ததைக் காட்டினார்: ‘பழைய குழாய், கேன்டீன் அம்மா.’ எஸ்.ஐ. முந்தைய வரியையும் படித்தார். “மாமியார் கைத்தடியா?” என்றார்.

“எழுதிக் குடு.”

அரைப் பக்கம் எழுதினார். நான் பிறகு படித்தேன். மீன் தன்னுடையது என்று முதல் வரி. குழல் அக்கா வீட்டில் அடுப்பு ஊதியது, அந்த வீட்டுக்காரருக்கும் இந்த நம்பருக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டாவது. குத்துவதற்கு முன் அங்கே வேறொரு குறி இருந்தது, அதை அழித்தது தன் தவறு, விசாரணை என்றால் தன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று மூன்றாவது. அந்த மூன்றாவதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. ‘தவறு’ என்ற சொல்லுக்கு அடியில் பேனா இரண்டு முறை போயிருந்தது. சொல்லை அடித்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடிக்கோடு போட்டிருந்தார்.

எஸ்.ஐ. கேஸ் போடவில்லை. குழலையும் என் அறிக்கையையும் அவர் எழுதியதையும் அலுமினியத் துண்டையும் சேர்த்துக் கட்டி ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா வீட்டுக்காரரை மட்டும் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தார்.

ஸ்டேஷனிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு போன் போனது, விசாரிக்கத்தான். மேனேஜருக்கு அது போதும். பழைய லாரிக் கணக்கும் மனதில் இருந்திருக்கும். கம்பெனி பஞ்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரை ஸ்டோர் ரூமில் சாக்கு எண்ணப் போட்டார்கள். ஒரு மாதம் எண்ணினார். சாக்குகளுக்கு மீன் போட முடியாது. பிறகு கும்மிடிப்பூண்டிக்கே, பழைய முதலாளி ஒருவரின் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். போகும் நாளில் லேப் கதவருகே நின்று, “வரேன் மேடம். ஆராய்ச்சி நடக்கட்டும்” என்றார்.

நிபுணருக்கு உண்மையை எழுதினேன். மீன் எங்கள் ஊழியருடையது, அவர் பழவேற்காட்டுக்காரர் என்று. அன்றே பதில் வந்தது. மிகுந்த மகிழ்ச்சியாம். கொல்லரின் முத்திரை இத்தனை தலைமுறை தாண்டி வாரிசிடம் வந்து சேர்ந்திருக்கிறது, குடும்பத்துக்கே தெரியாமல். அவருடைய இணையப் பக்கத்தில் இப்போது ஐந்து பக்கம் இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். ஆறு ஆகிவிடும் என்று தோன்றி விட்டுவிட்டேன்.

இன்றைய நிலவரம் இது. குழலைச் செய்தவர் யார் என்று தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. குழல் ஸ்டேஷனில் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் மேல் கேஸ் இல்லை, ஆனால் விஷயம் முறைப்படி முடித்து வைக்கப்படவும் இல்லை. ஒவ்வொரு முறை எஸ்.ஐ. மாறும்போதும், புதிதாக வருபவர் அந்தக் கட்டைப் பிரித்து, பழைய துப்பாக்கியில் புது நம்பரைப் பார்த்து, அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்புகிறார். அக்கா கும்மிடிப்பூண்டிக்குப் போன் போடுகிறார். அவர் அரை நாள் லீவு எடுத்து, சென்னைக்குப் போய் ரயில் மாறி, கடம்பத்தூரில் இறங்கி வருகிறார். வாசற்படியில் ஒரு அலுமினியத் துண்டை வைத்துக் குத்திக் காட்டி, தவறு தன்னுடையது என்று மறுபடியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். டீ குடிக்கச் சொன்னால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்கிறாராம். போன மாதம் நான்காவது எஸ்.ஐ. வந்தார். கும்மிடிப்பூண்டியிலிருந்து அவரும் வந்து குத்திக் காட்டிவிட்டுப் போனார். கேஸ் போடவில்லை.